ஆம் எனில் ஒன்றை அழுத்தவும்

நான் கிசுகிசுத்தால் எதிரில் நிற்பவரும் கிசுகிசுக்கத் தொடங்கிவிடுவார். குரல் போன பிறகுதான் இதைக் கண்டுகொண்டேன். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் மரக்கறி விற்பவரிடம், "பாகற்காய் கால் கிலோ" என்று மூச்சாலேயே சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தராசுக்கு மேலாகக் குனிந்து, "பாகற்காய் இண்டைக்கு அவ்வளவு நல்லாயில்லை அக்கா. பயித்தங்காய் கொண்டுபோங்கோ" என்று இரகசியம் போலச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கும் சத்தம் இல்லை.

கழுத்தில் கட்டி என்று தைரொயிட் சுரப்பியை எடுத்தார்கள். குரல் நாணுக்குப் போகும் நரம்பு அந்த இடத்தை ஒட்டித்தான் ஓடுகிறது, சிலருக்கு அது பாதிக்கப்படலாம் என்று வைத்தியர் முதலிலேயே விளக்கிச் சொல்லி என்னிடம் கையொப்பமும் வாங்கியிருந்தார். நானும் அந்தச் சிலரில் ஒருத்தியாகிவிடுவேன் என்று நினைக்கவில்லை. கண் விழித்துத் தாதியிடம் தண்ணீர் கேட்டேன். காற்று மட்டும் வந்தது. ஒரு பக்கத்துக் குரல் நாண் அசையவில்லை, ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

என்னுடைய வேலையே பேசுவதுதான். ஒரு காப்புறுதிக் கம்பனியில் தமிழில் அழைப்பவர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் ஆட்கள் அழைப்பார்கள். மோட்டார் சைக்கிள் விழுந்தது, மாடு செத்தது, அப்பா இறந்துவிட்டார் என்று சொல்வார்கள். நான் அவர்களோடு கதைப்பேன். மருத்துவ விடுமுறை முடிந்து திரும்பியபோது, மேலாளர் நல்ல மனதோடு என்னைப் பின்னறைக்கு மாற்றினார். பழைய கோப்புகளை ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்யும் வேலை.

"உங்களுக்குக் கரைச்சல் இல்லாத இடம்" என்றார்.

உண்மைதான், அங்கே ஒரு கரைச்சலும் இல்லை. குளிரூட்டியின் சத்தமும் ஸ்கேனரின் சத்தமும்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டுக் கதவில் திறப்பைப் போடும்போது, அன்று காலையிலிருந்து ஒருவரிடமும் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் கையை நீட்டியிருந்தேன். கன்டீனில் விரலால் காட்டியிருந்தேன். அப்படியே ஒரு நாள் முடிந்திருந்தது.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் மட்டும். தம்பி ரொறன்ரோவில். ஞாயிறு மாலைகளில் அவன் அழைப்பான், அவனுக்கு அப்போது காலை. முதலில் ஓம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று ஒழுங்கு செய்துகொண்டோம். நான் கைத்தொலைபேசியின் முதுகில் நகத்தால் தட்டுவேன்.

"அக்கா, சாப்பிட்டாச்சோ?"

ஒரு தட்டு.

"அங்க மழையோ?"

இரண்டு தட்டு.

அதற்குமேல் கேட்க அவனிடம் கேள்விகள் இல்லை. ஓம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகள் ஒரு குடும்பத்தில் எத்தனை இருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அக்கா, எனக்கு உங்கட மூச்சு மட்டும்தான் கேக்குது. அதைக் கேக்க என்னவோ செய்யுது. இனி எழுதி அனுப்புறன்" என்றான். எழுதவும் செய்தான், இரண்டு கிழமைக்கு. பிறகு பிள்ளைகளின் படங்கள் வந்தன. பிறகு காலை வணக்கப் படங்கள், பூக்களோடு.

எழுதியதை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் இறக்கிப் பார்த்தேன். மருந்துக் கடையில் வரிசையில் நின்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். தட்டி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேர் மருந்து வாங்கிப் போய்விட்டார்கள். கடைசியில் அது வாயைத் திறந்தபோது, ஒரு சின்னப் பெண்ணின் குரல், வேறெங்கோ ஓர் ஊரின் தமிழ். கடைக்காரர் "மாத்திரை போன மாதம் தந்ததுதானோ?" என்று கேட்டார். நான் "ஓம்" என்று தட்டினேன். அது பூசையில் மந்திரம் தொடங்குவதுபோல "ஓஓம்ம்" என்று இழுத்தது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னால்கூட வேறு யாருக்காவது நடந்திருந்தால் சிரித்திருக்க முடியும். அதன் பிறகு அந்தச் செயலியைத் திறக்கவில்லை.

எனக்குத் தேவையானது சில பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் ஒரு வசனம். அவ்வளவுதான். அப்படி ஒன்றை யாராவது செய்து தருவார்களா என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் கட்டடத்துத் தபால் பெட்டிக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய பயிற்சி நிலையம். கைத்தொலைபேசிச் செயலிகள் செய்வதற்கான நிரல்மொழி, அடிப்படையிலிருந்து, தமிழில், சனிக்கிழமைகளில். கீழே, மேலதிக விபரங்களுக்கு அழைக்கவும் என்று ஓர் இலக்கம். அழைக்க முடியாது. ஆகவே நேரே போனேன்.

வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, புறக்கோட்டையில் பஸ் பிடித்தேன். பாத்திரக் கடை ஒன்றின் மேல்மாடியில் நிலையம் இருந்தது. படியேறியதும் இருபத்தைந்து, இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஒரு இளைஞர் மேசைக்குப் பின்னால் இருந்து எழுந்து நின்றார். அவர்தான் ஆசிரியர் என்று பிறகு தெரிந்தது. பேச்சில் மலையகம் இருந்தது.

"வாங்க மேடம், ஒக்காருங்க. புள்ளைக்கா?"

நான் கொப்பியை எடுத்து, "எனக்கு" என்று எழுதினேன். அதற்குக் கீழே, "குரல் இல்லை. காது நன்றாகக் கேட்கும்" என்று எழுதினேன். அந்த இரண்டாவது வரியை அப்போது எல்லா இடமும் எழுத வேண்டியிருந்தது. பேச முடியாதவளுக்குக் கேட்கவும் முடியாது என்று எண்ணி ஆட்கள் சத்தம் போடுவார்கள்.

அவர் வாசித்துவிட்டுக் கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "கம்ப்யூட்டருக்குக் குரல் தேவையில்லைங்க. வாங்க" என்றார்.

வகுப்பில் பதினொரு பேர். என்னைத் தவிர எல்லோரும் இருபதை ஒட்டியவர்கள். முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியர். நான் கொப்பியில் நான்கு வரி எழுதி ஆயத்தமாக வைத்திருந்தேன், காட்டலாம் என்று. என் முறை வந்தபோது அவர் என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்து, ஒரு சிறு தலையசைப்போடு அடுத்தவரிடம் போய்விட்டார். அந்தத் தாளைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நிரல்மொழியின் பெயர் கோட்லின். முதல் பாடம், திரையில் ஒரு சொல்லை வரச் செய்வது. எல்லோரும் ஹலோ என்று எழுதினார்கள். நான் தமிழில் "வணக்கம்" என்று எழுதி ஓட்டினேன். கீழே, கறுப்புக் கட்டத்துக்குள், "வணக்கம்" என்று வந்தது. நான் சொன்னதை ஒன்று கேட்டுவிட்டு, "என்ன? கேக்கேல்ல, திரும்பச் சொல்லுங்கோ" என்று சொல்லாமல் அப்படியே செய்தது, ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை. திரும்ப ஓட்டினேன். திரும்பவும் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டாவது பயிற்சிக்குப் போயிருந்தார்கள்.

ஆசிரியர் நன்றாகச் சொல்லித் தருவார். மதிப்புகளை வைக்கும் பெட்டிகள் இரண்டு வகை என்றார். வல் என்று எழுதினால் மாறாதது. வார் என்று எழுதினால் மாறக்கூடியது. "வல்னா ஒங்க பொறந்த தேதி மாதிரிங்க. ஒரு தடவ வச்சா வச்சதுதான். வார்னா இப்ப ஒங்க பஸ் நிக்கிற ஹோல்ட். பஸ் போகப் போக மாறும்." எது எதற்கு வரும் என்று பட்டியல் எழுதச் சொன்னார். பெயர், வயது, முகவரி, தொலைபேசி இலக்கம் என்று எழுதினோம். குரல் என்று எழுதினால் எதில் போடுவது என்று யோசித்தேன். முந்தைய வருடம் என்றால் தயங்காமல் வல் என்று போட்டிருப்பேன்.

அலுவலகம் விட்டு வந்ததும், தம்பி விட்டுச் சென்ற பழைய மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக்கொண்டு இருட்டும் வரை பயிற்சி செய்வேன். என்றால், இல்லாவிட்டால், அதுவும் இல்லாவிட்டால். ஒரு வேலையை எத்தனை தடவை திரும்பச் செய்ய வேண்டும் என்று சொல்வது. ஒரு செயலுக்குப் பெயர் வைத்து, பிறகு பெயரைச் சொன்னால் போதும் என்று ஆக்குவது. இவை என் மண்டைக்குள் மெதுவாகத்தான் இறங்கின. பிழை என்றால் சிவப்புக் கோடு வரும். எந்த வரி, எந்த இடம் என்று சொல்லும். அது கோபிக்காது, பரிதாபப்படவும் மாட்டாது. அந்த மாலைகளில் எனக்கு அதுதான் பேச்சுத்துணை என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் வேறு எதுவும் எனக்கு மறுமொழி சொல்லவில்லை.

வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. நான் சந்தேகத்தைப் பந்தி பந்தியாக எழுதிப் போடுவேன். பிள்ளைகள் குரல் பதிவாகப் பதில் அனுப்புவார்கள். பின்னால் ஹோர்ன் சத்தம், யாரோ ஒருவரின் அம்மா சாப்பிடக் கூப்பிடும் சத்தம், நண்பர்களின் சிரிப்பு. பதில் விளங்கிய பிறகும் சிலவற்றை இன்னொரு தடவை போட்டுக் கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் கூட்டமாகக் கீழே இறங்கிக் கொத்துரொட்டிக் கடைக்குப் போவார்கள். சந்தடி நிறைந்த இடத்தில் என் மூச்சுப் பேச்சு யாருக்கும் கேட்காது. ஆகவே நான் மீன் வைத்த மாலுபாண் ஒன்றை வாங்கிக்கொண்டு மேலேயே இருப்பேன். ஐந்தாவது சனிக்கிழமை, தெஹிவளையிலிருந்து வரும் ஒரு பிள்ளை, தலையில் சால்வை அணிந்தவள், தன் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள். அதுவரை அவள் என்னோடு பேசியதில்லை.

"அக்கா, ஒங்களுக்கு அந்தக் காலிப் பெட்டிப் பாடம் வெளங்கினதா? எனக்கு ஒண்டும் வெளங்கல்ல" என்றாள், கிசுகிசுவென்று.

நான் கொப்பியில், "நீ சத்தமாகப் பேசலாம்" என்று எழுதினேன்.

அவள் வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கே தெரியாமப் பேசிட்டன் அக்கா!"

காலிப் பெட்டிப் பாடம் உண்மையில் கடினம்தான். சில பெட்டிகளுக்குள் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். கோட்லினில் அப்படி இருக்கக்கூடும் என்றால் ஒரு கேள்விக்குறியால் அதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். காலியாக இருந்தால் என்ன செய்வது என்றும் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் அது உங்களை நகர விடாது. "சில பேரு சோம்பேறித்தனத்துல ரெண்டு ஆச்சரியக்குறி போட்டுத் தப்பிப்பாங்க" என்று ஆசிரியர் எச்சரித்திருந்தார். "அதுக்கு அர்த்தம், இது காலியா இருக்கவே இருக்காது, நான் பொறுப்புன்னு நீங்க சத்தியம் பண்றது. இருந்திச்சுன்னா செயலி அப்படியே செத்துரும்." நான் படம் வரைந்து அவளுக்குக் காட்டினேன். அவளுக்கு விளங்கியது. நான் ஒருவருக்கு ஒன்றை விளங்கப்படுத்தி எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

பாடநெறி முடியும் தறுவாயில், ஒவ்வொருவரும் சிறியதாக ஒரு செயலி செய்து காட்ட வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். என்னுடையது எதுவென்று எனக்கு முதல் நாளே தெரியும். பன்னிரண்டு பொத்தான்கள். அதைக் கைத்தொலைபேசியில் ஓட்டிப் பார்க்க, அமைப்புகளுக்குள் போய் ஓரிடத்தில் ஏழு தரம் தட்ட வேண்டும். தட்டினேன். "நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர்" என்று கைத்தொலைபேசி சொன்னது. அதை யாருக்காவது காட்ட வேண்டும் போல இருந்தது. படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினான்.

பொத்தான்கள் வந்துவிட்டன. குரல்தான் இல்லை. தெஹிவளைப் பிள்ளை தான் பேசிப் பதிவு செய்து தருவதாகச் சொன்னாள். நல்ல குரல்தான். ஆனால் இருபத்தொரு வயதுக் குரல். அதை என் கையிலிருந்து வரவிட்டு மருந்துக் கடையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அவளிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டு வந்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில், முன் ஆசனத்தில் ஒருவர் கைத்தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு எங்கள் கம்பனிக்கு அழைத்துக்கொண்டிருந்தார். மூன்று மொழியிலும் வரவேற்பு ஓடியது. சிங்களம் முடிந்து, தமிழ் தொடங்கியது. "வணக்கம். உங்கள் அழைப்புக்கு நன்றி." அது நான். எட்டு வருடத்துக்கு முன், களஞ்சிய அறை ஒன்றின் சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி வைத்து, சிரித்த முகத்தோடு பேசுங்கள் என்று சொல்லிப் பதிவு செய்தார்கள். அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானுந்தான்.

கம்பனியின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்தவருக்கு, அந்தக் கோப்புகளின் பிரதி வேண்டும், சொந்தப் பாவனைக்கு மட்டும், என்று கடிதம் எழுதி, மேலாளரின் கையொப்பத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்களோ? நான் வேலைக்கு வந்த நாள் தொட்டு இதை டெஸ்ட் பண்ணுறன். தெரியாமப் போச்சே."

பென் டிரைவில் முப்பத்தெட்டுக் கோப்புகள் இருந்தன. வீட்டுக்கு வந்து முதலாவதைத் தொட்டேன். "வணக்கம்" என்றது. சற்றுத் தடித்த, மூக்கில் இலேசாகத் தொடும் குரல். 'ண'வை நான் அவ்வளவு அழுத்திச் சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. மடிக்கணினியை மூடிவிட்டு, ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, கடலோரக் கல்லில் போய் இருந்தேன். பொழுது சாயும் நேரம். பக்கத்தில் ஒரு குடும்பம் கடலை தின்றுகொண்டிருந்தது. சற்று இருந்துவிட்டுத் திரும்பி வந்து மற்ற முப்பத்தேழையும் கேட்டேன்.

அவை எல்லாம் காரியாலயத் தமிழ். "தயவுசெய்து சற்றுக் காத்திருக்கவும்." "மன்னிக்கவும், உங்கள் தெரிவு பிழையானது." பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை இலக்கங்கள். "அந்த இலக்கத்தில் பதிவு எதுவும் இல்லை" என்பதிலிருந்து "இல்லை"யை மட்டும் வெட்டி எடுத்தேன். ஓம் கிடைக்கவில்லை. "ஆம் எனில் ஒன்றை அழுத்தவும்" என்றுதான் இருந்தது. அதன் தலையை வெட்டி "ஆம்" எடுத்தேன். பிறந்த நாளிலிருந்து ஒரு மனிதருக்கும் ஆம் என்று சொன்னதில்லை நான். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தேன், கணினி ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினேன், அதையும் ஏற்கவில்லை. எல்லாம் சிறிய எழுத்து, இடைவெளி இல்லாமல், என்று ஒரு மாலை முழுவதும் போனது. கடைசியில் பதினொரு பொத்தானுக்குக் குரல் கிடைத்தது. "இறங்கோணும்" என்ற பன்னிரண்டாவதற்குப் பொருத்தமாக முப்பத்தெட்டில் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டியைக் காலியாக விட்டு, களைப்பில், இரண்டு ஆச்சரியக்குறி போட்டுவிட்டேன்.

செயலிகளைக் காட்டும் நாளில் என் முறை ஏழாவது. கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியில் இணைத்து, "வணக்கம்" பொத்தானைத் தொட்டேன். அறை நிரம்பக் கேட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு பையன் உடனே எழும்பினான்.

"சேர், இந்தக் குரல் எனக்குத் தெரியும்! எங்கட வான் அடிபட்ட நேரம் இதைத்தான் ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தனான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். சிரிப்பு நின்றது. தெஹிவளைப் பிள்ளை, "அக்கா, இது நீங்களா?" என்று கேட்டாள். நான் "ஆம்" பொத்தானைத் தொட்டேன்.

பிறகு பதற்றத்தில் விரல் தவறி "இறங்கோணும்" பொத்தானில் பட்டது. திரை வெள்ளையாகி, செயலி செத்தது. ஆசிரியர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ரெண்டு ஆச்சரியக்குறி போட்டீங்களாக்கா?" என்றார். மேடம் அக்காவாக மாறியது அப்போதுதான். நான் செயலியை மறுபடி திறந்து இன்னொரு பொத்தானைத் தொட்டேன்.

"தயவுசெய்து சற்றுக் காத்திருக்கவும்."

அறை சிரிப்பால் வெடித்தது. நான் மடிக்கணினியின் பக்கம் திரும்பினேன். வான் பையன் மேசையில் தட்டிச் சிரிப்பது முதுகுப் பக்கமாகக் கேட்டது. என்னால் ஓர் அறை சிரித்து எவ்வளவு காலம். என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தது. பெட்டிக்குள் குரல் இருந்தால் ஒலி. இல்லாவிட்டால், அந்தச் சொல்லைத் திரை முழுவதும் பெரிய எழுத்தில் காட்டு. மூன்று வரிதான். ஓட்டினேன். பன்னிரண்டாவதைத் தொட்டேன். மஞ்சள் பின்னணியில் "இறங்கோணும்" என்று திரை நிறைந்தது. கைதட்டினார்கள். தெஹிவளைப் பிள்ளை அதற்குக் கீழே அதையே சிங்களத்திலும் தட்டித் தந்தாள், நடத்துநருக்குப் பயன்படும் என்று.

பயன்பட்டது. அடுத்த கிழமையே பஸ்ஸில் மணி வேலை செய்யவில்லை. திரையை நீட்டினேன். நடத்துநர் வாசித்துவிட்டு, "ஹரி அக்கே, ஹரி" என்று எனக்குச் சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு, நிறுத்தும்படி சாரதிக்குக் கத்தினார். மரக்கறிக்காரரோ முதல் தடவை "வணக்கம்" கேட்டதும் நிமிர்ந்து நின்று, "சொல்லுங்கோ மெடம்" என்றார். ஏதோ திணைக்களத்திலிருந்து பரிசோதனைக்கு வந்தவர்களோ என்று பயந்துவிட்டாராம்.

அந்த ஞாயிறு நானே தம்பிக்கு அழைத்தேன். அவன் எடுத்ததும் "வணக்கம்" பொத்தானைத் தொட்டேன்.

"அக்கா?"

"ஆம்."

"குரல் வந்திட்டுதோ?"

"இல்லை."

அவன் விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அழுதான் என்று நினைக்கிறேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதென்ன ஆம்? நான் இவ்வளவு வருசம் கனடாவில இருந்தும் ஓம் எண்டுதான் சொல்லுறன்" என்றான். நான் சிரித்தேன். "சிரிக்கிறீங்களோ?" என்று கேட்டான். ஆம். அன்று நாற்பது நிமிடம் பேசினான். அடுத்த ஞாயிறு இருபது. பிறகு மறுபடியும் பூக்களுள்ள படங்கள் வரத் தொடங்கின. அவனைக் குறை சொல்ல மாட்டேன். பதினொரு வசனத்தோடு ஒரு ஆள் எவ்வளவு நேரம் உரையாடுவது?

சில மாதங்களில் கம்பனி வரவேற்புக் குரலை மாற்றியது. இப்போது ஒரு இளம் பெண் பேசுகிறாள், தெளிவாக. தொழில்நுட்பப் பிரிவுக்காரர் எனக்குச் சங்கடமாக இருக்குமோ என்று முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போனார். வைத்தியர் ஒரு வருடம் முடிந்து பார்த்தபோது, நரம்பு இனித் திரும்பாது என்றார். மற்றைய நாண் கொஞ்சம் நகர்ந்து வந்து உதவுகிறதாம். கதவைச் சாத்திய அறையில், அருகில் இருப்பவருக்கு, என் பேச்சு இப்போது கேட்கும். வாகனங்கள் இரையும் காலி வீதியில் கேட்காது. தொலைபேசியில் கேட்காது.

வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் போய்விட்டார்கள். வான் பையன் டுபாய்க்கு. தெஹிவளைப் பிள்ளைக்கு ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலை கிடைத்தது. முதல் நாள் தன் மேசையைப் படம் பிடித்து அனுப்பினாள். குழுவில் அதன் பிறகு யாரும் எழுதவில்லை. நான் தனியாகத் தொடர்ந்தேன். பொத்தான்களை வேண்டியபடி கூட்டிக் குறைக்கும் வசதி செய்தேன். எனக்கு வேலை வாய்ப்பு எதுவும் வரவில்லை, நான் தேடவும் இல்லை. பின்னறையில் இன்னும் பல அலுமாரிக் கோப்புகள் ஸ்கேன் செய்ய இருக்கின்றன.

பிறகு ஒரு நாள் கொட்டாஞ்சேனை ஆசிரியர் எழுதியிருந்தார். புதிய வகுப்பில் இருபத்து மூன்று பேர், ஒருவரால் சமாளிக்க முடியவில்லை, வந்து பிழை பார்க்க முடியுமா என்று. இப்போது சனிக்கிழமைகளில் போகிறேன். அவர் முன்னால் நின்று சொல்லித் தருவார். நான் வரிசைகளுக்கு இடையில் நடப்பேன். கையில் ஒட்டும் தாள் கட்டு ஒன்று இருக்கும். சிவப்புக் கோட்டை வெறித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் பின்னால் நின்று வாசித்து, தாளில் எழுதி, திரையின் ஓரத்தில் ஒட்டுவேன்.

போன சனிக்கிழமை ஓர் இளம் பெண் நெடுநேரமாகத் தலையில் கை வைத்தபடி இருந்தாள். "பதினேழாம் வரி. அடைப்புக்குறி மூடவில்லை" என்று எழுதி ஒட்டினேன். அவள் வாசித்தாள், மூடினாள், ஓட்டினாள். திரையில் அவள் எழுதியது வந்தது. "ஐயோ!" என்று சந்தோசத்தில் பக்கத்தில் இருந்த சிநேகிதியின் தோளில் அடித்தாள். இருவரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த வரிசைக்குப் போனேன்.